ஸ்கைவாக்கில் நின்றுபோன பேராசிரியர்

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குப் பேராசிரியர் மெய்யப்பன் ஸ்கைவாக்கில் தூணாகிவிட்டார். அந்த நகரத்தில் இதையெல்லாம் யாரும் பேப்பரில் போடமாட்டார்கள். மாதத்துக்கு நாலைந்து பேர் இப்படி ஆகிறார்கள். ஆனால் நாச்சம்மைக்கு அவர் புருஷன்.

அந்த நகரத்தின் நடுப்பகுதியில் தரையில் நடக்கிற வழக்கம் கிடையாது. தரையை பஸ்களுக்கு விட்டுக்கொடுத்து வெகுகாலமாகிறது. மனிதர்கள் முதல் மாடி உயரத்தில், இருபக்கமும் கண்ணாடி போட்டு மூடிய நீள நீளமான பாதைகளில் நடக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜவுளிக்கடைக்கு, ஜவுளிக்கடையிலிருந்து பல் ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு என்று எல்லாக் கட்டடங்களையும் ஸ்கைவாக் கோத்துவைத்திருக்கிறது. உள்ளே ஏசி உண்டு.

இரண்டே சங்கதிகளைத் தெரிந்துகொண்டால் போதும். அவசரமாகப் போகிறவருக்குப் பாதை நீளும். பதினொரு நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால், நின்றவர் கட்டடத்தோடு சேர்ந்துவிடுவார். இதை எழுதி ஒவ்வொரு வாசலிலும் பலகை வைத்திருக்கிறார்கள். பொடி எழுத்து. நின்று முழுசாகப் படித்து முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். நல்ல நிர்வாகம், குறை சொல்லக்கூடாது.

ஒரு கலை அமைப்பு அழைப்பு விடுத்திருந்தது. கலைஞர்களும் சிந்தனையாளர்களும் ஸ்கைவாக்கைப் பத்து நாள் சுற்றிப் பார்த்து, கடைசியில் ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். பதினேழு பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தது மூன்று பேர். மற்றவர்களும் சிந்தனையாளர்கள்தானே, சிந்தித்திருப்பார்கள்.

நாச்சம்மை ஓவியர். மைப்பேனாவால் நேரடியாகக் காகிதத்தில் போடுவாள். அழிக்கமாட்டாள். கண்முன்னால் இல்லாததை வரையவும் மாட்டாள். புதுவீட்டுக்குப் பிள்ளையார் படம் கேட்ட நாத்தனாரிடம், "அவர் வந்து உட்காரட்டும், போட்டுத் தர்றேன்" என்று சொல்லிப் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆனவள். அந்தப் பிடிவாதத்தால்தான் அவள் கோடுகள் அப்படி இருந்தன.

சகாயமேரி நடனக்காரி. யாராவது நடப்பதைப் பார்த்தால் அவள் கால் அந்த நடையைப் பிடித்துக்கொள்ளும். நோட்டில் எதையும் எழுதுவதில்லை. முதல் நாள் தவறுதலாக ஒரு பத்திர எழுத்தரின் நடையோடு வீட்டுக்குப் போய்விட்டாள். காலடிச் சத்தத்தைக் கேட்டு அவள் அம்மா கதவைத் திறக்கவில்லை.

மெய்யப்பன் முப்பது வருடம் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லமாட்டார். காபியா டீயா என்று கேட்டால், தாகம் எங்கிருந்து தொடங்குகிறது என்று ஆரம்பிப்பார். அதற்குள் இரண்டும் ஆறிவிடும்.

நடந்தது இதுதான். மூன்றாம் நாள், ஜவுளிக்கடை தாண்டி வருகிற வளைவில் மெய்யப்பன் கண்ணாடியோரம் நின்றார். ஸ்கைவாக் என்பது ஓர் இடமா, அல்லது இரண்டு இடங்களுக்கு நடுவே ஏற்படும் தாமதமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். முகத்தில் நல்ல வெளிச்சம் விழுந்தது. நாச்சம்மை பேனாவைத் திறந்தாள்.

"அப்படியே நில்லுங்க. அசையாதீங்க" என்றாள்.

அவர் அசையவில்லை. பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவள் சொன்னதை அவர் மறுபேச்சு பேசாமல் கேட்டது அன்றைக்குத்தான். கேட்டதற்குக் கிடைத்ததைப் பாருங்கள். அவள் அங்கே இங்கே நகர்ந்து நாற்பது நிமிடம் வரைந்தாள். கடைசியாக இடது காதை முடித்து, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள். போதும், வாருங்கள் என்று கூப்பிட்டாள். அவர் வரவில்லை.

மார்புவரை சிமெண்ட் ஆகியிருந்தது. வேட்டி மடிப்புகள் மட்டும் தூணில் கோடு கோடாகத் தெரிந்தன. தலைக்கு மேலே கூரை அவர்மேல் வாகாக உட்கார்ந்துகொண்டது. நாச்சம்மை அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். சகாயமேரியும் சேர்ந்து இழுத்தாள். கொஞ்சம் காரை பெயர்ந்தது, அவ்வளவுதான். அவருக்கு வலித்ததாம்.

அழுவதா திட்டுவதா என்று நாச்சம்மைக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தாள். தப்பு தன்மேல் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் திட்டு இன்னும் பலமாக விழுந்தது.

மெய்யப்பன் அதற்குள் பழகிப்போயிருந்தார். ஒருவர் அவர்மேல் சாய்ந்து செல்போனில் பேசினார். ஒரு பெண் பையை அவர் காலடியில் வைத்துவிட்டுச் செருப்பு வாரைச் சரிசெய்தாள். யாரோ தன் சிநேகிதரிடம், புரொபசர் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், வந்துவிடு என்று சொன்னார்.

"முப்பது வருஷம் பாடம் எடுத்தேன் நாச்சி. ஒருத்தன்கூட என்மேல சாய்ஞ்சதில்ல" என்றார் மெய்யப்பன். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. நாச்சம்மைக்கு அதுதான் தாங்கவில்லை.

வளைவுக்கு எதிரில் ஒரு குடிநீர்க் குழாய் இருந்தது. அவர் பெயர் பட்டாபிராமன். முன்பு வருவாய்த்துறையில் இருந்தவர். ஓய்வுபெற்ற மறுநாள் இங்கே வந்து, அந்தப் பலகையை முழுசாகப் படித்தவர். பேசும்போது சொட்டும். இவர் கழுத்துவரை ஆவதற்குள் மேல்நடைப் பிரிவில் போய்ச் சொல்லுங்கள் அம்மா என்று அவர்தான் வழி சொன்னார். அந்த அலுவலகம் ஸ்கைவாக்குக்குள்ளேயே இருக்கிறது. தேடினால் கிடைக்காது. தேடாதவர்களின் பக்கத்தில் வந்து நிற்கும்.

நாச்சம்மை ஜவுளிக்கடைக் கண்ணாடி வழியாகப் புடவை பார்க்கிற மாதிரி நின்றாள். முதலில் நடிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒரு வெங்காயத்தோல் நிறப் புடவை கண்ணில் பட்டது. அதன் பார்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோளுக்குப் பின்னால் ஒரு கதவு வந்து நின்றது. மணி இரண்டு.

உள்ளே தில்லைநாயகி என்கிற எழுத்தர் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் பெரிய பதிவேடு. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என் வீட்டுக்காரர் தூணாயிட்டாரு."

"நம்பர்?"

"நம்பர் இல்ல. இன்னிக்குக் காலையிலதான் ஆனாரு."

"நம்பர் இல்லன்னா இன்னும் தூண் இல்ல. மனுஷன்னு ஆதாரம் ஏதாவது இருக்கா?"

நாச்சம்மைக்கு உயிர் வந்தது. பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினாள். கண், மூக்கு, காது, யோசனை எல்லாம் அதில் இருந்தன. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தில்லைநாயகி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஸ்கேலை வைத்து அளந்தாள். கூரையின் உயரம் சரியாக இருந்தது. தோளின் அகலம் சரியாக இருந்தது. இப்படி ஒரு சுத்தமான வரைபடம் இந்த அலுவலகத்துக்கு வந்ததே இல்லை என்று மனசாரப் பாராட்டினாள். டப்பென்று முத்திரை குத்தினாள்.

"தூண் எண் அறுபத்துநாலு அ. ஒப்புதல் ஆயிடுச்சு மேடம்."

ஓவியரைத் தவிர வேறு யார் இப்படிப்பட்ட தப்பைச் செய்ய முடியும்? நமக்கெல்லாம் கோடு போடத் தெரியாது, தப்பித்தோம். நாச்சம்மை மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம் ஆகப்போகிறது, கொஞ்சம் காலை மாற்றி வையுங்கள் என்று தில்லைநாயகி நினைவுபடுத்தினாள். கெட்ட மனசு இல்லை அவளுக்கு.

பிறகு அவளே வழியும் சொன்னாள். "திருத்திய வரைபடம் குடுங்க. அதே கை போட்டிருக்கணும். படத்துல எப்படி இருக்கோ அப்படித்தான் செய்வோம். ஆளே இல்லாம போட்டீங்கன்னா இடிச்சிடுவாங்க. நடக்கிற மாதிரி போட்டா நடப்பாரு. அஞ்சு மணிக்குப் பெயிண்டர் வருவாங்க. கறுப்பு மஞ்சள் பட்டை அடிச்சிட்டா அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல."

நாச்சம்மை வளைவுக்கு ஓடினாள். ஓடியதால் பாதை நீண்டது. நடந்தாள். மூன்று மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். மெய்யப்பனுக்குக் கழுத்துவரை ஏறியிருந்தது. பேச்சு குறைந்துவிட்டது. யாரோ அவர்மேல் யோகா வகுப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

அவள் தரையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். கண்முன்னால் இல்லாததை வரைவதில்லை என்ற கொள்கை எல்லாம் போன இடம் தெரியவில்லை. நடக்கிற மெய்யப்பனைப் போட வேண்டும், அவ்வளவுதான். முதல் படத்தில் அவர் நின்றார். இரண்டாவதிலும் நின்றார். மூன்றாவதில் ஒரு காலைத் தூக்கிப் போட்டாள். அது தூணுக்குக் கால் முளைத்த மாதிரி வந்தது. அதைக் கிழித்தாள். அவள் வாழ்க்கையில் கிழித்த முதல் படம்.

ஏன் வரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவர் எப்படி நடப்பார் என்று அவளுக்குத் தெரியாது. அவர் உட்கார்ந்திருப்பது தெரியும், படுத்திருப்பது தெரியும், குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு எதையோ மறந்து நிற்பது தெரியும். எங்கே போனாலும் அவள் முன்னால் போவாள், அவர் பின்னால் வருவார். சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க என்று சொல்லிக்கொண்டே போவாள். திரும்பிப் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடம். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பட்டாபிராமனைக் கேட்டாள். மூன்று நாளும் தன்னைத் தாண்டித்தான் போனார், ஆனால் தான் குழாய், வாயைத்தான் கவனிப்பேன், காலைக் கவனிப்பதில்லை என்று அவர் வருத்தத்தோடு சொட்டினார். சகாயமேரி அப்போது யாருடைய நடையிலோ அந்தப் பக்கமாக வந்தாள்.

"சார் நடை எங்கிட்ட இருக்குக்கா" என்றாள்.

முன்னால் இருந்த நடையை உதறிவிட்டு நடந்து காட்டினாள். இடது தோள் கொஞ்சம் முன்னால் வந்தது. கைகள் பின்னால் கோத்துக்கொண்டன. ஒவ்வொரு அடியையும் தரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைப்பது போல வைத்தாள். ஐந்தாவது அடியில் ஏதோ நினைவு வந்தாற்போல நின்றாள். உடனே தலையைத் தூக்கி, பதற்றமாக இரண்டு எட்டு வேகமாக வைத்தாள். மறுபடி மெதுவாக ஐந்து. மறுபடி அந்த இரண்டு.

"அந்த ரெண்டு எட்டு எதுக்கு?" என்று கேட்டாள் நாச்சம்மை.

"முன்னாடி நீங்க போறீங்கல்ல. எட்டிப் பிடிக்கறதுக்கு."

நாச்சம்மை மூக்கை உறிஞ்சினாள். முந்தானையால் துடைத்தாள். பிறகு அந்த இரண்டு எட்டையும் ஒரே மூச்சில் வரைந்தாள். வேட்டி விசிறிக்கொண்டு வந்தது. ஒரு செருப்பு கழன்றுவிடப் பார்த்தது. அவள் கண்ணால் பார்க்காமல் போட்டு, கிழிக்காமல் வைத்த முதல் படம் அது. இருந்ததிலேயே அதுதான் நன்றாகவும் இருந்தது.

இந்தத் தடவை அலுவலகத்தைத் தேடவே தேவைப்படவில்லை. அவள் அழுதுகொண்டிருந்ததால் கதவு தானாக வந்தது. தில்லைநாயகி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படம் பூர்த்தியாகவில்லை என்றாள். இந்த ஆள் யாரையோ பிடிக்க ஓடுகிறார், அந்த யாரோவைக் காணோம். ஆள் இல்லாமல் ஓடினால் அவர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பார், அது இன்னும் சிக்கல், போன வருடம் ஒருவர் அப்படித்தான் ஆனார் என்றாள்.

நாச்சம்மை அங்கேயே தன்னையும் வரைந்து சேர்த்தாள். முதுகைக் காட்டிப் போவது மாதிரி போட்டிருக்கலாம். அதுதானே வழக்கம். பேனா ஒத்துக்கொள்ளவில்லை, அவளும் ஒத்துக்கொள்ளவில்லை. நின்று, முகத்தைத் திருப்பி, அவர் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி போட்டாள். தில்லைநாயகி பெருமூச்சு விட்டாள். நிற்பதாக இருந்தால் நிமிடக் கணக்கு உண்டு, தெரியும்தானே என்று கேட்டாள். நாச்சம்மை தெரியும் என்றாள். முத்திரை விழுந்தது.

மணி நாலே முக்கால். அவள் வளைவிலிருந்து இருபதடி தள்ளி, படத்தில் இருந்த மாதிரியே திரும்பி நின்றாள். காவலாளி ஒருவர் கடிகாரத்தோடு வந்து பக்கத்தில் நின்றார். தூண் அறுபத்துநாலு அ லேசாகத் தும்மியது. நோட்டீஸ் உதிர்ந்தது. முழங்கால் வந்தது. வேட்டி வந்தது. கூரை ஒரு சத்தம் போட்டுவிட்டு, அவர் இல்லாமலும் நிற்கப் பழகிக்கொண்டது. மெய்யப்பன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பார்த்ததும் அவசரப்பட்டார்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? பாதை நீண்டது. இருபதடி இருநூறடி ஆயிற்று. அவர் இன்னும் வேகமாக எட்டு வைத்தார். நடுவில் ஒரு ஸ்வீட் ஸ்டால் முளைத்தது. அவர் ஓடினார். ஒரு திருப்பமும் இரண்டு எஸ்கலேட்டரும் முளைத்தன. அவர் விரல் அளவுக்குச் சிறுத்துப்போனார்.

"ஆறு நிமிஷம் ஆச்சு" என்றார் காவலாளி.

நாச்சம்மை கைகளை வாயருகே குவித்து, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். அவளுக்கே அந்த வார்த்தை புதிதாக இருந்தது.

"மெதுவா வாங்க! ஒண்ணும் அவசரமில்ல, மெதுவாவே வாங்க!"

அவருக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் பிடித்தது. இருக்காதா பின்னே, அப்படி ஒரு சொல்லை அவர் கேட்டதே இல்லை. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சாவகாசமாக நடந்தார். எஸ்கலேட்டர்கள் சுருங்கின. ஸ்வீட் ஸ்டாலில் இருந்தவர் வியாபாரம் ஆகாமலே காணாமல் போனார். நாச்சம்மை அவர் நடப்பதைப் பார்த்தாள். தோள், கை, அந்தச் சந்தேகமான பாதம், எல்லாவற்றையும் பார்த்தாள். நிமிடம் போனதே அவளுக்குத் தெரியவில்லை.

அவர் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

"ரொம்ப நேரமா நிக்கிறியா நாச்சி?" என்றார். அவள் அவர் பக்கம் ஓர் அடி எடுத்து வைக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. கணுக்காலைச் சுற்றிச் சிமெண்ட் ஈரமாக ஏறிக்கொண்டிருந்தது.

சரியாக ஐந்து மணிக்கு இரண்டு பெயிண்டர்கள் டப்பாவோடு வந்தார்கள். தூண் எங்கே என்று கேட்டார்கள். இருந்த இடத்தில் இல்லை. இங்கே ஒன்று ஆகிக்கொண்டிருக்கிறது என்று காவலாளி காட்டினார். மஞ்சளா கறுப்பா, எது முதலில் என்று அவர்களுக்குள் பேச்சு நடந்தது. ஒருவர் குனிந்து அவள் புடவை ஓரத்தில் பென்சிலால் அளவு குறித்தார்.

மெய்யப்பன் அப்போது ஒரு கேள்வியும் கேட்கவில்லை. யோசிக்கவும் இல்லை. அவள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். அலுவலகத்தை அவர் தேடவே இல்லை, அதனால் கதவு தானாக வந்து நின்றது. தில்லைநாயகி பதிவேட்டோடு எட்டிப் பார்த்தாள். அவர் பதிவேட்டின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தார்.

சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு மோசமான படத்தை அந்த நகரம் பார்த்திருக்காது. முகம் அரைகுறை வட்டம். கொண்டை தலையைவிடப் பெரிது. புடவை மடிப்புக்கு ஏணி மாதிரி ஏழெட்டுக் கோடு. ஒரு கை முன்னால் இருந்தது, இன்னொரு கைக்கு இடம் போதாமல் முதுகுக்குப் பின்னால் இருப்பதாக விட்டுவிட்டார். தெரிந்த கையில் விரல்களை நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டார். கண்ணை மட்டும் நிதானமாகப் போட்டார். ஒரு பெயிண்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

தில்லைநாயகி ஸ்கேலை வைத்தாள். எடுத்தாள். தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தாள்.

"இது என்ன சார்?"

"என் பொண்டாட்டி" என்றார் மெய்யப்பன்.

தில்லைநாயகி பதிவேட்டைப் புரட்டினாள். தூண்கள் பக்கத்தில் இப்படி ஒன்று இல்லை. குழாய்கள், பலகைகள், இருக்கைகள், குப்பைத் தொட்டிகள், எதிலும் சேரவில்லை. இதர பொருட்கள் என்ற பக்கத்தையும் பார்த்தாள். அதிலும் இல்லை. எங்களிடம் இப்படி ஒரு சாமானே கிடையாது, இல்லாததை எப்படி வைத்துக்கொள்வது என்று சலித்துக்கொண்டாள். படத்தின் கீழே 'எமது உடைமை அல்ல' என்று முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டாள். நாச்சம்மையின் காலைச் சுற்றியிருந்த சிமெண்ட் பொடியாகி உதிர்ந்தது. பெயிண்டர்கள் டப்பாவை மூடினார்கள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கமாக ஒரு படிக்கட்டு இறங்குகிறது. இருவரும் அதில் இறங்கினார்கள். நாச்சம்மைக்குக் கொண்டை ஒரேயடியாகக் கனத்தது. பாதிப் படியில் கம்பியைப் பிடித்தவள், வலது கையைத் தூக்கி விரல்களை எண்ணினாள். ஆறு இருந்தன. நின்று மறுபடி எண்ணினாள். ஆறுதான்.

அவரிடம் சொல்லவில்லை. அவர் கையை எட்டிப் பிடித்தாள். ஆறு விரலாலும் பிடித்துக்கொண்டாள்.